மீன்வள அறிவியல் படித்து ஆற்றுவாழிடப் பாதுகாப்பை வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள முடியுமா? (தருமபுரி, கிருஷ்ணகிரி)

பென்னாகரம் வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அண்ணன் மகள் பென்னாகரம் வட்டத்தில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் பிரிவில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். மீன்வள அறிவியல்தான் படிப்பேன் என்பதில் உறுதியாக இருக்கிறாள். மீன் பண்ணை வைப்பதில் அவளுக்கு நாட்டம் இல்லை. பிலிகுண்டுலு அருகே தமிழ்நாட்டுக்குள் வரும் காவிரி, ஒகேனக்கல் பாறைகளைக் கடந்து மேட்டூர் நீர்த்தேக்கத்தில் சேரும் வரை உள்ள நீளத்தில் எந்தெந்த மீன்கள் வாழ்கின்றன, எவை அருகிவிட்டன, எதனால் அருகின என்று ஆராய்வதையே வேலையாகக் கொள்ள விரும்புகிறாள்.

வீட்டுப் பெரியவர்கள் இதற்கு உடன்படவில்லை. மீன் என்றால் ஒகேனக்கலில் வறுத்துத் தரும் மீனும், ஏரிக் குத்தகையும்தான் அவர்களுக்குத் தெரியும். இந்தப் படிப்பை எங்கே படிக்க வேண்டும், படித்தபின் என்ன வேலை கிடைக்கும், ஆற்றைப் பாதுகாப்பதற்கென்று ஊதியத்துடன் கூடிய பணி உண்மையிலேயே இருக்கிறதா என்பதைத் துறையில் இருப்பவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற மீன்வள அலுவலர் எழுதியது:

தம்பிக்கு வணக்கம். முதலில் படிப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இளநிலை மீன்வள அறிவியல் நான்கு ஆண்டுப் படிப்பு. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 2012இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகம் இதை நடத்துகிறது. அதன் கல்லூரிகளில் மூத்தது 1977இல் தொடங்கிய தூத்துக்குடிக் கல்லூரி. பொன்னேரியிலும் தலைஞாயிறிலும் வேறு கல்லூரிகள் உள்ளன. நீட் தேர்வு தேவையில்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டு கலந்தாய்வு நடைபெறும். உயிரியலும் வேதியியலும் இயற்பியலும் நன்றாகப் படித்த பிள்ளைக்கு இது எட்டாத படிப்பு இல்லை.

வேலையைப் பொறுத்தவரை, மாநில மீன்வளத் துறையில் சார் ஆய்வாளர், ஆய்வாளர், உதவி இயக்குநர் ஆகிய பணியிடங்களுக்கு அரசுப் பணியாளர் தேர்வாணையம் அவ்வப்போது ஆள் எடுக்கிறது. பொதுத்துறை வங்கிகளின் வேளாண் கள அலுவலர் தேர்வை எழுதவும் மீன்வள அறிவியல் பட்டம் தகுதியாகும். இந்த இரண்டாவது வழியைப் பலர் அறியாமலேயே இருக்கிறார்கள். தனியார் தீவன நிறுவனங்களும் இறால் பண்ணைகளும் கடற்கரை மாவட்டங்களில் நிறைய ஆட்களை எடுக்கின்றன.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். இந்தத் துறை மீன் உற்பத்திக்காக உருவான துறை. கட்லா, ரோகு, மிர்கால் போன்ற பெருங்கெண்டைகள் குளத்தில் தேங்கிய நீரில் தாமாக முட்டையிடுவதில்லை. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹீராலால் சவுத்ரி தம் குழுவினருடன் மீனின் மூளையடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியில் செலுத்தி அவற்றை முட்டையிடச் செய்தார். அந்த ஒரு முறை வந்தபிறகுதான் உள்நாட்டு மீன்வளர்ப்பு இந்த அளவுக்குப் பெருகியது. அந்த நாளையே இன்று தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடுகிறோம். கிருஷ்ணகிரி அணையில் நடக்கும் மீன்குஞ்சு உற்பத்தியும், பாரூரில் பல்கலைக்கழகம் நடத்தும் நீடித்த மீன்வளர்ப்பு மையமும் அந்த வழியில் வந்தவைதான். மழை குறைந்த நம் மாவட்டங்களில் ஏரிகளிலும் பண்ணைக்குட்டைகளிலும் மீன் வளர்த்து நான்கு பேருக்கு வருமானம் ஏற்படுத்துவது சிறிய தொண்டு அன்று. மகள் முதலில் அதைக் கற்றுக்கொள்ளட்டும். நிலையான வேலையில் அமரட்டும். ஆற்று மீன் ஆராய்ச்சியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தூத்துக்குடி முதுகலை மாணவி எழுதியது:

ஐயா சொன்ன படிப்பு விவரங்கள் அனைத்தும் சரி. "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. நான் கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்தவள். இப்போது நீர்ச்சூழல் மேலாண்மையில் முதுகலை படிக்கிறேன். பின்னால் பார்க்கலாம் என்று தள்ளிவைத்தால் அந்த மீன் அப்போது ஆற்றில் இருக்கும் என்பதற்கு உறுதி கிடையாது. இதற்கு நம் காவிரியிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது.

காவிரியில் முதுகில் திமில் போன்ற மேடும் செம்மஞ்சள் நிறத் துடுப்புகளும் கொண்ட மகசீர் என்னும் பெருமீன் வாழ்கிறது. வெள்ளையர் காலத்துத் தூண்டில்காரர்கள் அதைத் தேடி இங்கே வந்தார்கள். 1946இல் கபினி ஆற்றில் 120 பவுண்டு எடையுள்ள மீன் பிடிபட்டதாகப் பதிவு உண்டு. உலகப் புகழ் பெற்றிருந்தும் அது எந்த இனம் என்று அறிவியல் முறைப்படி உறுதியாகாமலேயே 2018 வரை இருந்தது. கேரளத்தின் பாம்பாற்றிலிருந்து 2007இல் விவரிக்கப்பட்ட தோர் ரெமாதேவி என்ற இனமும் இதுவும் ஒன்றே என்று காவிரிப் படுகையைச் சேர்ந்த மோயாற்றின் மீன்களைக் கொண்டு அந்த ஆண்டில்தான் நிறுவினார்கள். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதே ஆண்டில் அதை மிக அருகிய இனங்களின் பட்டியலில் சேர்த்தது. பெயர் உறுதியானபோதே அது அழிவின் விளிம்பில் இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

அது குறைந்ததற்கு வெடிவைத்து மீன்பிடித்தல், மணல் அள்ளுதல், அணைகள் எனப் பல காரணங்கள் உண்டு. இவற்றுடன் நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட ஒரு செயலும் சேர்ந்துகொண்டது. லோனாவாலாவில் உள்ள பொரிப்பகத்தில் உற்பத்தி செய்த நீலத்துடுப்பு மகசீரின் குஞ்சுகளை 1970களிலிருந்து காவிரியில் விட்டார்கள். மகசீர் பெருகட்டும் என்பதே நோக்கம். ஆனால் நீலத்துடுப்பு இனம் பெருகப் பெருக, காவிரிக்கே உரிய இனம் தேய்ந்தது. இது எப்படித் தெரிய வந்தது என்றால், ஒகேனக்கலுக்கு மேலே கர்நாடகப் பகுதியில் இருந்த தூண்டில் முகாம்களில், பிடித்து விடுவித்த மீன்களின் விவரங்களை ஆண்டுக்கணக்கில் பதிவேட்டில் எழுதி வைத்திருந்தார்கள். அந்தப் பதிவேடுகளை ஆராய்ந்தபோது ஓர் இனம் ஏறுவதும் மற்றோர் இனம் இறங்குவதும் தெளிவாகத் தெரிந்தன.

ஆற்றில் குஞ்சு விடுவதும் மீன்வள அறிவியல்தான். எந்தக் குஞ்சை எந்த ஆற்றில் விடக்கூடாது என்று சொல்வதும் மீன்வள அறிவியல்தான். முதல் வேலைக்கு ஆள் இருக்கிறது. இரண்டாவது வேலைக்கு நம் பகுதியில் கிட்டத்தட்ட ஆளே இல்லை.

படிப்பு வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இளநிலை முடித்தபின் மீன்வள மேலாண்மையிலோ நீர்ச்சூழல் மேலாண்மையிலோ முதுகலை படிக்கலாம். நம் பல்கலைக்கழகத்திலும், மும்பையில் உள்ள மத்திய மீன்வளக் கல்வி நிறுவனத்திலும் இப்பிரிவுகள் உள்ளன. ஆறுகளுக்கென்றே கொல்கத்தாவை அடுத்த பாரக்பூரில் மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. அதன் மண்டல மையம் ஒன்று பெங்களூரில் இருக்கிறது. மீன் இனங்களின் மரபுவளத்தைக் காப்பதற்கான தேசிய நிறுவனம் லக்னோவில் உள்ளது. இவற்றில் அறிவியலாளர் பணிக்கு வேளாண் அறிவியலாளர் தேர்வு வாரியத்தின் தேர்வை எழுத வேண்டும். அதற்கு முன் சில ஆண்டுகள் திட்ட உதவியாளராக ஒப்பந்தத்தில் வேலை செய்ய நேரிடும். அந்த ஆண்டுகளில் ஊதியம் குறைவு, திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். இதைக் குடும்பத்தாரிடம் இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

நாகமரைக்கரை எழுதியது:

வணக்கம். நாங்கள் மேட்டூர் நீர்த்தேக்கத்தின் தருமபுரிக் கரையில் பரிசலில் சென்று வலைபோட்டுப் பிழைக்கும் குடும்பம். பட்டப்படிப்பு நான் படிக்கவில்லை. தம்பி மகன் உதவியோடு இதை எழுதுகிறேன்.

மாணவி சொன்ன பெரிய மீனைப் பற்றி எங்கள் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது கட்லாவாலும் ரோகுவாலும் ஜிலேபியாலும்தான். அணைக்குள் குஞ்சு விடுவதை நிறுத்திவிட்டால் நாங்கள் என்ன செய்வது? காவிரி வடக்குக் காட்டுயிர்ச் சரணாலயம் 2014இலும், தெற்குச் சரணாலயம் 2022இலும் அறிவிக்கப்பட்டபின், மேலே உள்ள சில ஊர்க்காரர்கள் பாட்டன் காலம் முதல் வலைபோட்ட இடத்துக்குப் போகத் தயங்குகிறார்கள். ஆற்றைக் காப்பது என்று யார் பேசினாலும் எங்களுக்கு முதலில் அச்சம்தான் வருகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆராய்ச்சி செய்கிறோம் என்று படித்தவர்கள் வருகிறார்கள். மீனின் பெயர் கேட்கிறார்கள், எந்த மாதத்தில் எந்த மீன் வரும் என்று கேட்கிறார்கள், எடைபோட்டு எழுதிக்கொண்டு போகிறார்கள். என்ன கண்டுபிடித்தார்கள் என்று திரும்பி வந்து சொன்னவர் எவரும் இல்லை. அந்தப் பிள்ளை இந்தப் படிப்பைப் படித்தால் இதையாவது மாற்றட்டும்.

ஓசூர் நீராய்வகம் எழுதியது:

காவிரியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தென்பெண்ணையையும் கணக்கில் எடுக்க வேண்டும். வேலைவாய்ப்பு என்று பார்த்தால் காவிரியைவிட இங்கேதான் அதிகம் என்பது என் எண்ணம். நான் மீன்வளம் படித்தவன் அல்லன். வேதியியல் படித்து நீர் ஆய்வகத்தில் பணிபுரிகிறேன்.

நந்தி மலையில் தோன்றும் தென்பெண்ணை, பெங்களூருப் பக்கத்துக் கழிவுநீரையும் சுமந்துகொண்டு ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. மதகைத் திறக்கும்போது நுரை பொங்குவதை அனைவரும் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். நுரை கண்ணுக்குத் தெரிவதால் அதைப் பற்றியே பேச்சு எழுகிறது. மீன்களைக் கொல்வது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதது. கழிவுநீரில் உள்ள பாஸ்பரசும் நைட்ரஜனும் பாசியைப் பெருக்குகின்றன. பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை வெளிவிடும். இரவில் அதே பாசி ஆக்சிஜனை உட்கொள்ளும். ஆகவே விடியற்காலையில் நீரில் கரைந்த ஆக்சிஜன் மிகவும் இறங்கிவிடும். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே போனாலே பல மீன்கள் தவிக்கத் தொடங்கும். 2க்கு அருகே வந்தால் கெண்டைகள் மேலே வந்து வாயைத் திறந்து திணறும். முற்பகல் பதினொரு மணிக்கு மாதிரி எடுத்துச் செல்பவருக்கு இது தெரியவே தெரியாது. அவருடைய அறிக்கையில் ஆக்சிஜன் தாராளமாகவே இருக்கும்.

அம்மோனியாவும் அப்படித்தான். பகலெல்லாம் பாசி கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்வதால் மாலைக்குள் நீரின் காரத்தன்மை ஏறிவிடுகிறது. காரகாடித்தன்மை எண் (pH) ஒன்று கூடினால், மீனுக்கு நஞ்சாகும் வடிவில் உள்ள அம்மோனியா ஏறத்தாழ பத்து மடங்காகிறது. மொத்த அம்மோனியா எவ்வளவு என்று மட்டும் அளந்து தந்தால் அதைக் கொண்டு எதையும் முடிவுசெய்ய முடியாது. எந்த மணியில், எந்த வெப்பநிலையில், எந்தக் காரகாடித்தன்மையில் அளந்தோம் என்பதும் வேண்டும்.

என்னைப் போன்ற வேதியியல்காரரிடம் எண்கள் இருக்கின்றன. அந்த எண்கள் ஒரு விராலுக்கும் ஒரு கெண்டைக்கும் என்ன செய்யும் என்று சொல்ல மீன் அறிந்த ஒருவர் தேவை. விரால் காற்றை நேரடியாகச் சுவாசிக்கும், கெண்டைக்கு அது இயலாது என்பது போன்ற அடிப்படை அறிவுகூட இல்லாமல் பல சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைகள் எழுதப்படுகின்றன. சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனங்களிலும், அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்களிலும், மாசுக் கட்டுப்பாட்டுப் பணிகளிலும் நீர்வாழ் உயிரினம் தெரிந்தவருக்கு இடம் இருக்கிறது. அண்ணன் மகள் வேதியியலை மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்காமல் ஆழமாகப் படிக்கட்டும்.

பென்னாகரம் வாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. எல்லாவற்றையும் அவளிடம் படித்துக் காட்டினேன். தென்பெண்ணை பற்றிய பகுதியைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். இப்போது எங்களுக்கு மூன்று ஐயங்கள் எழுந்துள்ளன. முதலாவது, மீன்வளப் படிப்பில் இடம் கிடைக்காவிட்டால் விலங்கியல் படித்து இதே இடத்துக்கு வர முடியுமா? இரண்டாவது, பெண் பிள்ளை ஆற்றில் இறங்கி வேலை செய்வது எந்த அளவுக்குப் பாதுகாப்பானது? ஒகேனக்கல் பகுதியில் முதலைகள் இருக்கின்றன என்பது அவளுடைய பாட்டியின் பெரிய கவலை. மூன்றாவது, பரிசல்கார அண்ணன் எழுப்பிய கேள்விக்குப் படித்தவர்கள் என்ன விடை வைத்திருக்கிறீர்கள்? அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

விலங்கியல் ஆசிரியை எழுதியது:

முதல் ஐயத்துக்கு நான் விடை சொல்கிறேன். அரசு கலைக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் கற்பிக்கிறேன். விலங்கியல் படித்தும் இதே இடத்துக்கு வர முடியும். இளநிலை விலங்கியலுக்குப் பிறகு காட்டுயிர் உயிரியலில் முதுகலை படிக்கலாம். மயிலாடுதுறையை அடுத்த மன்னன்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் அந்தப் படிப்பு நெடுங்காலமாக நடந்து வருகிறது. டேராடூனில் உள்ள இந்தியக் காட்டுயிர் நிறுவனமும், பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையமும் நடத்தும் முதுகலைப் படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வு உண்டு. இடங்கள் குறைவு என்றாலும் பயிற்சி மிக உயர்ந்தது. இந்திய வனப் பணித் தேர்வு எழுதவும் விலங்கியல் பட்டம் தகுதியாகும். காவிரிக் கரையின் இரண்டு சரணாலயங்களும் வனத்துறையின் பொறுப்பில் இருப்பதை நினைத்துப் பார்த்தால் இது சிறிய வழி அன்று.

இரண்டு வழிகளுக்கும் வேறுபாடு உண்டு. மீன்வளப் பட்டதாரிக்கு வலையும் படகும் பொரிப்பகமும் தெரியும், மீனவரின் பொருளாதாரமும் தெரியும். காட்டுயிர் உயிரியலாளருக்கு எண்ணிக்கை மதிப்பிடும் முறைகளும் புள்ளியியலும் நன்றாகத் தெரியும். காவிரியின் இந்தப் பகுதியில் நீர்நாய், சதுப்பு முதலை, லெய்த் மென்னோட்டாமை, மீன் ஆகிய அனைத்தும் ஒரே நீரை நம்பியிருக்கின்றன. நீர்நாய் இருக்கும் இடத்தில் மீன் இருக்கிறது என்று பொருள். அதே காரணத்தால் வலையைக் கிழிக்கும் நீர்நாய்மீது மீனவருக்குக் கோபமும் இருக்கிறது. இரண்டு தரப்பையும் அறிந்த ஒருவர்தான் அங்கே பேச முடியும். மீன்வள அறிவியலில் இடம் கிடைத்தால் அதையே எடுக்கட்டும். புள்ளியியலைக் கூடுதலாகக் கற்றுக்கொள்ளட்டும் என்பதே என் ஆலோசனை. விலங்கியலை இரண்டாம் விருப்பமாக வைத்துக்கொள்ளலாம்.

தூத்துக்குடி முதுகலை மாணவி எழுதியது:

இரண்டாவது ஐயத்துக்கு என்னால் விடை சொல்ல முடியும். களப்பணியில் இடர் இல்லை என்று சொன்னால் அது பொய்யாகும். ஒகேனக்கலுக்கு மேலே உள்ள பகுதியில் மேலணைகளிலிருந்து வரும் நீர் விரைவாக உயரும், பாறைகள் வழுக்கும், முதலைகளும் இருக்கின்றன. பாட்டியின் கவலை நியாயமானது. ஆனால் ஒழுங்காக நடத்தப்படும் ஆய்வில் எவரும் தனியாக ஆற்றில் இறங்குவதில்லை. உயிர்காப்பு அங்கி கட்டாயம், உள்ளூர்ப் பரிசல்காரர் உடன் இருப்பார், பிலிகுண்டுலு நீர்வரத்தைப் பார்த்த பிறகே புறப்படுவார்கள். சரணாலயத்துக்குள் ஆய்வு செய்யத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். வனப் பணியாளர்களும் உடன் வருவார்கள். கழிப்பிட வசதியும் தங்கும் இடமும்தான் பெண்களுக்கு உண்மையான இடர்ப்பாடு. எந்தத் திட்டத்தில் சேர்வதற்கு முன்பும் வெட்கப்படாமல் இவற்றைக் கேட்க வேண்டும்.

தவிர, வேலை முழுவதும் நீரில் இறங்கிச் செய்வதன்று. ஆற்றுநீரை ஒரு லிட்டர் இரண்டு லிட்டர் வடிகட்டி, வடிதாளில் தங்கிய மரபணுத் துணுக்குகளைக் கொண்டு அங்கே எந்தெந்த இனங்கள் வாழ்கின்றன என்று கண்டறியும் முறை இன்று பரவி வருகிறது. மகசீர் போல எளிதில் வலைக்குச் சிக்காத அரிய மீனுக்கு இது ஏற்ற முறை. அதற்கும் ஒப்பிட்டுப் பார்க்க நம் ஆற்று மீன்களின் மரபணுப் பதிவுகள் முதலில் வேண்டும். அந்த அடிப்படைப் பணியே இன்னும் நிறைய மீதி இருக்கிறது.

மூன்றாவது கேள்வி எளிதன்று. நாகமரை அண்ணன் சொன்னதை நான் மறுக்கவில்லை. மேட்டூர் நீர்த்தேக்கம் 1934இல் கட்டி முடிக்கப்பட்ட அணையால் உருவானது. அது இப்போது ஆறாக இல்லை. 120 அடிக்கு நீர் நிற்கும் அந்த இடத்தில் ஓடும் நீர்க்குரிய மீன் பெருகாது. அங்கே கட்லாவும் ரோகுவும் விடுவதை நிறுத்துங்கள் என்று நான் கேட்க மாட்டேன். நான் கேட்பது அதற்கு மேலே உள்ள ஓடும் நீளத்தைப் பற்றித்தான். அங்கே மழைக்காலப் புதுநீர் வரும்போது மீன்கள் மேல்நோக்கி ஏறி, சரளைக்கல் படுகையில் முட்டையிடுகின்றன. கோடையில் ஆறு ஒடுங்கியபின் ஆழமான மடுக்களில் ஒதுங்கிப் பிழைக்கின்றன. சரளையும் மடுவும் இருந்தால்தான் அடுத்த தலைமுறை. கோடையில் ஒரு மடுவில் ஒரு தோட்டா வெடித்தால், அந்த ஆண்டு அங்கே ஒதுங்கிய அத்தனை தாய்மீன்களும் மிதக்கும். வெடியும் நஞ்சும் 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டத்திலேயே தடைசெய்யப்பட்டவை. வலைபோட்டுப் பிழைக்கும் மீனவருக்கும் அவற்றால் இழப்புதான்.

ஆகவே எல்லா இடத்துக்கும் ஒரே தடை என்பதைவிட, எந்த மடுக்களை எந்த மாதங்களில் விட்டுவைக்க வேண்டும் என்று மீனவரோடு உட்கார்ந்து முடிவுசெய்வதே பயன் தரும் என்று நம்புகிறேன். அந்தப் பட்டியலைத் தயாரிக்க ஆள் வேண்டும். மேகேதாட்டுவில் 67 டிஎம்சி கொள்ளளவில் அணை கட்டக் கர்நாடகம் முயல்வதைப் பற்றி நீர்ப்பங்கீட்டுக் கோணத்தில் எவ்வளவோ பேசுகிறோம். அந்த நீளத்தில் ஓடும் நீர் தேங்கிய நீராக மாறினால் எந்த மீன்கள் முட்டையிடும் இடத்தை இழக்கும் என்று எவராவது கேட்டால், கையில் முழுமையான பதிவு வேண்டும் அல்லவா?

ஓய்வுபெற்ற மீன்வள அலுவலர் எழுதியது:

மாணவி நீர்த்தேக்கத்தையும் ஓடும் ஆற்றையும் பிரித்துப் பேசியது எனக்கு நிறைவாக இருக்கிறது. பலர் இரண்டையும் குழப்பி, குஞ்சு விடுவதே கேடு என்று முடித்துவிடுகிறார்கள். பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் 2020 முதல் ஆறுகளில் மீன்குஞ்சு விடும் பணியும் சேர்க்கப்பட்டுள்ளது. அந்தந்த ஆற்றிலேயே பிடித்த தாய்மீன்களிலிருந்து பொரித்த குஞ்சுகளை அந்த ஆற்றிலேயே விடுவதுதான் அதில் முறை. அதைச் சரியாகச் செய்யத் தாய்மீனை அடையாளம் காணத் தெரிந்த ஆள் தேவை. மகசீரில் நடந்ததை மாணவி சொன்னார். கெண்டை இனங்களிலும் அது நடக்கலாம்.

ஆயினும் என் நிலையை நான் முழுவதும் மாற்றிக்கொள்ளவில்லை. பொரிப்பகத்தில் வேலை கற்காத பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் அரை ஆராய்ச்சியாளர்தான். ஓர் அரிய இனத்தைக் காக்க வேண்டிய நெருக்கடி வந்தால் தாய்மீனைக் காயமின்றிக் கொண்டுவரவும், முட்டையைப் பூஞ்சை தாக்காமல் பொரிக்கவும், குஞ்சுக்கு முதல் உணவு கொடுக்கவும் கை பழகியிருக்க வேண்டும். மகள் படிக்கும் காலத்தில் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது கிருஷ்ணகிரி அணைப் பண்ணையிலோ பாரூரிலோ அனுமதி பெற்றுச் சில நாள்கள் உடனிருந்து பார்க்கட்டும்.

வடிகால்களில் வந்து சேரும் அயல் மீன்களைப் பற்றியும் ஒரு சொல். தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியைத் திருட்டுத்தனமாக வளர்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெள்ளம் வந்து குட்டை உடைந்தால் அது ஆற்றுக்குப் போகும். போனால் திரும்பப் பிடிக்க இயலாது. கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் டேங்க் கிளீனர் மீனை ஏரியில் கொண்டுபோய் விடுவதும் நடக்கிறது. மீன்வள ஆய்வாளராக இருக்கும் ஒருவர் தம் எல்லைக்குள் இந்த இரண்டையும் தடுத்தாலே ஆற்றுக்குப் பெரிய பாதுகாப்பு. உற்பத்தித் துறையின் நாற்காலியில் அமர்ந்தும் ஆற்றைக் காக்க முடியும் என்பதைத்தான் நான் முதலிலிருந்தே சொல்கிறேன்.

சேர்க்கை பற்றி ஒரு செய்தியைச் சொல்ல விட்டுப்போயிற்று. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொழிற்கல்விப் படிப்புகளில் 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு. மீன்வளப் படிப்பும் அதில் அடங்கும். தலைமையாசிரியரிடம் ஒவ்வொரு வகுப்புக்கும் உரிய படிப்புச் சான்றிதழை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இடையில் பள்ளி மாறியிருந்தால் பழைய பள்ளியிலும் வாங்க வேண்டும். மீனவர் குடும்பப் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு. நாகமரைத் தம்பி தம் வீட்டுப் பிள்ளைகளுக்காக அதை விசாரிக்கட்டும்.

பென்னாகரம் வாசி எழுதியது:

ஐயா, அவள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளிதான். எட்டாம் வகுப்புக்குப் பின் ஒரு முறை பள்ளி மாறினாள். இரண்டு பள்ளிகளிலும் சான்றிதழ் கேட்கிறோம். மீன்வள அறிவியலுக்கு விண்ணப்பிப்பது என்றும், இரண்டாவதாக விலங்கியலுக்கு விண்ணப்பிப்பது என்றும் வீட்டில் முடிவாகிவிட்டது. ஒப்பந்த வேலை ஆண்டுகளைப் பற்றி அண்ணனிடம் சொன்னேன். வங்கித் தேர்வு என்ற மாற்று வழி இருப்பதைக் கேட்டபின் அவருக்கு ஓரளவு துணிவு வந்தது. கல்லூரி திறக்கும் வரை இடைப்பட்ட மாதங்களில் அவள் வீட்டில் இருந்துகொண்டே என்ன கற்கலாம்?

விலங்கியல் ஆசிரியை எழுதியது:

மீன் அடையாளம் காணக் கற்கட்டும். சந்தைக்கு வரும் மீனைப் படம் எடுத்து, மீசை எத்தனை, முதுகுத்துடுப்பு எங்கே தொடங்குகிறது, பக்கக்கோட்டில் எத்தனை செதில்கள், வாய் மேல்நோக்கியா கீழ்நோக்கியா என்று எழுதிப் பழகட்டும். ஊர்ப்பெயரையும் அறிவியல் பெயரையும் அருகருகே எழுதட்டும். ஒரே பெயரை இரண்டு மீனுக்குச் சொல்லும் ஊர்களும், ஒரே மீனுக்கு மூன்று பெயர் வழங்கும் ஊர்களும் உண்டு என்பதால், எந்த ஊரில் எவரிடம் கேட்டது என்பதையும் குறிக்க வேண்டும். கீழ்நோக்கிய வாய் உடைய மீன் அடித்தளத்தில் மேயும் என்பது போன்ற செய்திகள் அப்படிப் பார்க்கப் பார்க்கத் தாமே விளங்கும்.

நாகமரைக்கரை எழுதியது:

கரைக்கு வரும் மீனை எழுதுவதற்கு எந்த அனுமதியும் வேண்டாம். பரிசல் ஏறவும் வேண்டாம். விடியற்காலையில் வலை எடுத்து வந்து கொட்டும் இடத்துக்குப் பெரியவர் ஒருவரோடு அந்தப் பிள்ளை வரட்டும். கருமுழிக்கெண்டை எது, வெண்கெண்டை எது, ஆரால் எந்தப் பருவத்தில் அகப்படும், புதுநீர் வந்ததும் முதலில் நகர்வது எது என்று எங்கள் வீட்டுப் பெண்களே சொல்லித் தருவார்கள். பிரித்து விற்பவர்கள் அவர்கள்தான். எழுதி முடித்த பட்டியலில் ஒரு படியைத் தமிழில் எங்கள் சங்கத்துக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது மட்டும் நான் கேட்பது.